கால்வாய்ப் பாலத்தின் சரிவில் கேட்ட துஆ

அந்த வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் தெருவில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா இருந்தார். எதிர்வீட்டு ரெஜினா அக்கா தன் கைக்குழந்தையோடு இருந்தார். பின்தெருவிலிருந்து பால் ஊற்ற வந்த பேச்சியத்தை இருந்தார். கல்லூரி லீவுக்கு வந்திருந்த பக்கத்து வீட்டு அக்கா தங்கை இருவர் இருந்தார்கள். மூன்றாவது வீட்டு ஜமீலா மாமியும் இருந்தார். ஆனால் அவரை இருந்தவர் கணக்கில் அன்று யாரும் சேர்க்க மாட்டார்கள். மாமா மவுத்தாகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கணவர் இறந்த பெண் நாலு மாதம் பத்து நாள் வெளியே வராமல் இருக்கிற இத்தாவில் மாமி இருந்தார். வெள்ளைச் சேலையோடு, வாசற்படி தாண்டாமல், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டு உள்ளேயே இருந்தார். ஆம்பளை என்று நான் ஒருவன்தான்.

மற்ற எல்லா ஆண்களும் இல்லை. எங்கள் ஊர் கம்பத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கிறது. அன்றாடத் தொழுகைக்கு ஒரு சின்னப் பள்ளி உண்டு. வாரத் தொழுகையான ஜும்ஆவுக்கு டவுன் பள்ளிக்குத்தான் போக வேண்டும். அதனால் வெள்ளிக்கிழமை மதிய லுஹர் நேரம் நெருங்கும்போது ஊரில் உள்ள பைக், ஆட்டோ, ஜீப் எல்லாம் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அப்பாவை நாங்கள் அத்தா என்போம், அவரும் பைக்கில் போய்விட்டார். பின்தெரு ஆட்கள் காலையிலேயே திராட்சை வெட்டுக்குப் போயிருந்தார்கள். தெருவில் சக்கரம் உள்ளது என்று மிச்சம் இருந்தது ஒரே ஒரு வண்டி. எங்கள் வீட்டுக் கொட்டகையில் நின்ற பழைய சின்னக் கார். அது சவூதியில் இருக்கும் என் அக்கா வீட்டுக்காரருடையது.

நான் தேனியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்து, அதற்கு மேலும் படித்த முதல் ஆள் நான்தான். அன்றைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறி வந்து சேர நேரமாகிவிட்டது. மச்சானுடைய காரை எடுத்துக்கொண்டு ஓடினால் குத்பா உரையின் கடைசியையாவது பிடித்துவிடலாம் என்று அவசர அவசரமாகத் தொழுகைக்கு ஒளுச் செய்துகொண்டிருந்தேன்.

கால் கழுவும்போது கொல்லைப்பக்கம் அம்மாவின் சத்தம் கேட்டது. அலறல் இல்லை. எதையோ உதறுகிற மாதிரி ஒரு "ச்சீ". அதற்குப் பிறகு என் பெயர்.

"ஏலே சாதிக்கு... இங்கன வா."

ஓடினேன். அடுப்புக்குத் தென்னமட்டை உருவப் போயிருக்கிறார். மட்டைக் குவியலுக்குள் விட்ட வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றார். சுண்டுவிரலில் இரண்டு புள்ளி, அதிலிருந்து ரத்தம். பால் செம்போடு உள்ளே வந்த பேச்சியத்தை மட்டைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பார்த்தவர் பின்னாலேயே நகர்ந்து வந்தார்.

"விரியன் மருமகனே. கண்ணாடி விரியன். சுருண்டு கெடக்கு."

ஐப்பசி மாதம். ஒரு வாரமாக வெயிலே கிடையாது, மூட்டமும் தூறலும்தான். வானம் அன்று எப்படி இருந்தது என்று இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கழுவாத பாத்திரம் மாதிரி இருந்தது.

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். பக்கத்து வண்டி மலை ரோட்டில் ஒரு விபத்துக்குப் போயிருக்கிறது, அடுத்த வண்டியை அனுப்புகிறோம், தூரத்திலிருந்து வர வேண்டும் என்று தன்மையாகத்தான் சொன்னார்கள். அத்தாவுக்குப் போட்டேன். ஸ்விட்ச் ஆஃப். ஆட்டோக்கார அண்ணன், ஜீப் வைத்திருக்கும் பெரியத்தா, எல்லாருக்கும் போட்டேன். எல்லாம் ஸ்விட்ச் ஆஃப். பள்ளிக்குள் நுழையும்போது போனை அணைப்பது நல்ல பழக்கம்தான். அன்று அந்தப் பழக்கம் எனக்கு எதிரில் சுவர் மாதிரி நின்றது.

பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி அழுதாள். ஒருத்தி, டவுனில் ஓதிப் பார்க்கிற ஆள் இருக்கிறார் என்றாள். பேச்சியத்தை பச்சிலை வைத்தியர் பெயர் ஒன்றைச் சொன்னார். அப்போது கதவு ஒருக்களித்த வீட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஊசிதான் கேக்கும். ஓதுறத வழியில ஓதுங்க. மொதல்ல வண்டிய எடுலே!"

ஜமீலா மாமியின் குரல். இரண்டு மாதமாக அந்த வீட்டிலிருந்து சத்தம் கேட்டதே இல்லை.

அம்மாவைக் காரின் பின்சீட்டில் படுக்க வைத்தேன். சாவியைப் போட்டுத் திருகினேன்.

டிக். டிக். டிக்.

முன்னால் சிவப்பு லைட் ஒன்று மங்கலாக எரிந்தது, கண் மூடப்போகிற ஆள் மாதிரி. மறுபடி திருகினேன். டிக். அவ்வளவுதான். பேட்டரி செத்துக் கிடந்தது. எனக்குப் புரியவே இல்லை. போன வாரம்தான் இதே காரை எடுத்து டவுன் வரைக்கும் போய் வந்தேன். ஒரே திருகில் எடுத்தது.

ஜம்பர் கேபிள் டிக்கியிலேயே இருந்தது. மச்சான் வாங்கிப் போட்டது. ஆனால் கேபிள் இருந்து என்ன? கரண்ட் கொடுக்க இன்னொரு வண்டி வேண்டுமே. தெருவில் ஒரு சைக்கிள்கூட இல்லை.

தள்ளித்தான் எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் எஸ்டேட் ஜீப்பைத் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவதைப் பார்க்காதவர்கள் கிடையாது. சாவியைப் போட்டு வைத்து, கிளட்ச்சை மிதித்து, கியரைப் போட்டுக்கொள்ள வேண்டும். வண்டி ஓட்டம் பிடித்ததும் கிளட்ச்சைச் சடாரென்று விட வேண்டும். சக்கரம் இன்ஜினைச் சுற்றிவிடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆனால் தள்ளுவதற்கு எப்போதும் ஆறேழு ஆம்பளைகள் இருப்பார்கள்.

நான் காரிலிருந்து இறங்கி நின்றேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பேச்சியத்தைதான் முந்தானையை இடுப்பில் செருகினார்.

"ஒரு கல்யாணத்துக்கு, ஒரு கோயில் கொளத்துக்கு இந்தக் காருல எங்கள ஏத்திருப்பியளா? தள்ள மட்டும் நாங்க வேணும். வாங்கடி. ஆம்பளைக இல்லாட்டி என்ன, அல்லாவும் அய்யனாரும் இங்கனதான் இருக்காக."

ரெஜினா அக்கா குழந்தையைத் திண்ணையில் பாயில் கிடத்தினார். கல்லூரிப் பிள்ளைகள் இருவரும் செருப்பைக் கழற்றிப் போட்டார்கள். நாலு பேர் கை வைத்தார்கள். கொட்டகையிலிருந்து கார் பின்னால் வந்தது. தெருவுக்குத் திருப்பி முன்னால் தள்ளினார்கள். பதற்றத்தில் நான் முதல் கியரில் போட்டுவிட்டேன். கிளட்ச்சை விட்டதும் கார் முட்டுக்கட்டை போட்ட மாதிரி குலுங்கி நின்றது. பின்னால் இருந்தவர்கள் டிக்கியில் மோதினார்கள். உள்ளே அம்மா "யா அல்லாஹ்" என்று முனகினார். கை அதற்குள் மணிக்கட்டு வரைக்கும் வீங்கிவிட்டது. யாரோ துணியால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள்.

இரண்டாவது தடவை இரண்டாம் கியரில் போட்டேன். தெருவில் சேறு. அவர்கள் கால் வழுக்கியது. ஓட்டம் போதவில்லை. இன்ஜின் ஒரு இருமல் இருமிவிட்டு அடங்கியது.

அம்மா தலையைத் தூக்கிச் சொன்னார். "நான் வேணா எறங்கித் தள்ளவாலே? இந்தக் கை நல்லாத்தான் இருக்கு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. ரெஜினா அக்கா மூச்சு வாங்க, "சமதரையில ஆகாது சாதிக்கு. கால்வாய்ப் பாலத்துக்கு ஏத்திட்டா அந்தப்பக்கம் பள்ளம். தானா உருளும்" என்றார்.

தெரு முடிகிற இடத்தில் கால்வாய் ஓடுகிறது. அதன் மேல் ஒரு குறுகலான பாலம். இந்தப் பக்கம் ஏற்றம், அந்தப் பக்கம் தார் ரோடு வரைக்கும் சரிவு. அக்கா சொன்னது சரிதான். ஆனால் ஏற்றத்தில் தள்ள நாலு பேர் எப்படிப் போதும்? நானும் இறங்கி, ஜன்னல் வழியாக ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தோளைக் கொடுத்தேன். பாதி ஏற்றத்தில் கார் நின்றுவிட்டது. நின்றதோடு இல்லாமல் பின்னால் வர ஆரம்பித்தது. பேச்சியத்தை "புடிங்கடி, புடிங்கடி" என்று கத்தினார்.

அந்த நேரத்தில் பின்சக்கரத்துக்கு அடியில் ஒரு பெரிய கல் விழுந்தது. கார் நின்றது. திரும்பிப் பார்த்தேன். ஜமீலா மாமி. வெள்ளைச் சேலை முழங்கால் வரைக்கும் சேறு. இரண்டு மாதத்தில் முதல் தடவையாகத் தெருவில் நிற்கிறார்.

"மாமி, நீங்க இத்தாவுல..." என்றேன்.

"அன்னைக்கு அவுகளுக்கு ஒரு வண்டி கெடைக்கல. நெஞ்சப் புடிச்சிக்கிட்டுத் திண்டாடுனாக. நான் வாசல்லயே நின்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றார். காரின் பின்னால் வந்து கை வைத்தார்.

தள்ளுவது, மாமி கல்லை நகர்த்தி வைப்பது, மூச்சு விடுவது, மறுபடி தள்ளுவது. எத்தனை தடவை என்று தெரியாது. பாலத்தின் உச்சிக்குக் கார் வந்து சேர்ந்தபோது எல்லாருடைய முகத்திலும் மழையா வேர்வையா என்று தெரியாமல் தண்ணீர் வழிந்தது. ஹேண்ட் பிரேக்கைப் போட்டேன். பேச்சியத்தை அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்தார்.

சகோதரர்களே, நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான்.

முன்னால் சரிவு. அதன் கீழே தார் ரோட்டில் ஒரு வளைவு. இந்தச் சரிவில் இன்ஜின் எடுக்கவில்லை என்றால் கார் கீழே சமதரையில் போய் நின்றுவிடும். மறுபடி மேலே ஏற்ற இந்தப் பெண்களுக்குத் தெம்பு இல்லை. ஒரே ஒரு வாய்ப்புதான். பின்னால் அம்மாவின் ஈறில் ரத்தம் கசிவதைக் கண்ணாடியில் பார்த்தேன். அவர் உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நான் ஐந்து வேளை தொழுகிறவன்தான். ஆனால் அதுவரைக்கும் நான் கேட்ட துஆ எல்லாம் பாடம் ஒப்பிக்கிற மாதிரி. வேலை கிடைக்க வேண்டும், பரக்கத் வேண்டும், ஆமீன். அன்றைக்கு அரபியில் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தேன். தமிழில்தான் கேட்டேன். எங்கள் வீட்டுத் தமிழில்.

"ரப்பே, எங்கம்மாவ என்கிட்ட குடுத்துரு. வேற என்ன வேணும்னாலும் எடுத்துக்க. எத வேணும்னாலும் எடுத்துக்க."

ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கார் நகர்ந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவர் பின்னால் போனது. இரண்டாம் கியர். கிளட்ச் காலுக்கடியில். வேகம் ஏறியது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று பொறுத்தேன். வளைவு முகத்துக்கு நேரே வந்தபோது பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளட்ச்சை விட்டேன்.

கார் உதறியது. ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு இன்ஜின் பிடித்தது.

அந்தச் சத்தத்தை நான் எதோடும் ஒப்பிட மாட்டேன். ஆக்சிலேட்டரை மிதித்தபடியே வளைவில் திருப்பினேன். கண்ணாடியில் ஒரு கணம் பாலம் தெரிந்தது. பெண்கள் அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். மாமி மட்டும் நின்றுகொண்டிருந்தார். சேறு பூசிய இரண்டு கையும் மேலே ஏந்தியிருந்தன.

அல்லாஹ் கேட்டுவிட்டான் என்றுதான் நினைத்தேன். ஆனால் சோதனை அத்தோடு முடியவில்லை. இந்த இன்ஜின் ஒரு தடவை நின்றால் கதை முடிந்தது. வேகத்தடை ஒவ்வொன்றிலும் என் உயிர் போய் வந்தது. டவுனுக்குள் நுழைந்தால் சரியாகப் பள்ளி விடுகிற நேரம். ரோடு முழுக்கத் தொப்பியும் வெள்ளைச் சட்டையும். நான் நிறுத்தாமல் ஹாரன் அடித்தேன். பேட்டரி செத்ததால் ஹாரனும் ஆட்டுக்குட்டி மாதிரிதான் கத்தியது. ஒருத்தர் பானட்டில் ஓங்கித் தட்டினார்.

"ஜும்ஆவுக்கு வர நேரமில்ல, இப்பிடிப் பறக்க மட்டும் நேரமிருக்காலே?"

பேச்சியத்தை ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டினார். "மதினியப் பாம்பு கடிச்சிருச்சுடா! அடிக்கிற கைய வச்சு வழிய விடுங்கடா!"

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. பிரிந்த கூட்டத்தின் ஓரத்தில் அத்தா நின்றார். கையில் ஒற்றைச் செருப்பு, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். காரைப் பார்த்தார். பேச்சியத்தையின் மடியில் அம்மாவைப் பார்த்தார். "நிறுத்துலே! ஏலே, நிறுத்து!" என்று கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

நான் நிறுத்தவில்லை. நிறுத்த முடியாது. அவர் முகத்தைத் தாண்டிக் காரை ஓட்டினேன். வெறுங்காலோடு அவர் பின்னால் ஓடி வருவதும், சிறுத்துக்கொண்டே போவதும் கண்ணாடியில் தெரிந்தது. இதை எழுதும்போதும் அது தெரிகிறது.

அரசு ஆஸ்பத்திரி வாசலில் இன்ஜினை ஓடவிட்டபடியே அம்மாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன். ரத்தத்தை ஒரு சின்னக் குப்பியில் எடுத்து வைத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. உடனே விஷமுறிவு மருந்தை ஏற்றினார்கள். கையில் இருந்த கட்டைப் பார்த்து டாக்டரம்மா, "இப்படி இறுக்கிக் கட்டவே கூடாதுங்க, விரலுக்கு ரத்தம் போகாது" என்றார். அதைக் கட்டியது யார் என்று நான் இதுவரைக்கும் யாரிடமும் கேட்கவில்லை. கேட்கப் போவதும் இல்லை.

கொஞ்சம் தாமதமாகியிருந்தாலும் கஷ்டம் என்றார்கள். முதல் மருந்தை ஏற்றிவிட்டு, தேனிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப ஏற்பாடு செய்தார்கள்.

நான் வெளியே வந்தபோது கார் இன்னும் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. ஸ்டியரிங்குக்கு முன்னால் அத்தா உட்கார்ந்திருந்தார். வண்டியை அணைக்கவும் இல்லை, உள்ளே வரவும் இல்லை. கண்ணாடியில் வழிகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கதவைத் திறந்தேன்.

"இருக்காளாலே?"

"இருக்காக அத்தா. தேனிக்குக் கொண்டு போறாக. பேட்டரி செத்துப்போயி வண்டியத் தள்ளித்தான் எடுத்தோம்."

அத்தா ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு, "பேட்டரிய நான்தான் கழட்டுனேன்" என்றார்.

மலையடியில் எங்களுக்கு ஒரு துண்டு மக்காச்சோளக் கொல்லை இருக்கிறது. காட்டுப்பன்றிக்குப் பயந்து சோலார் வேலி போட்டிருக்கிறோம். தொட்டால் சுருக்கென்று அடித்துத் துரத்தும் வேலி. அந்த வாரம் முழுக்க வெயில் இல்லாததால் வேலியின் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லை. வேலி சும்மா கம்பியாக நின்றது. கதிர் முற்றுகிற நேரம். அத்தா யாரிடமும் சொல்லாமல் காரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய் வேலிக்குக் கொடுத்திருக்கிறார். மூன்று ராத்திரி அது கொல்லையைக் காத்தது. வெள்ளிக்கிழமை காலையில், மகன் வருவான், காரைத் தேடுவான் என்று எடுத்து வந்து மறுபடி மாட்டிவிட்டார். அதில் மிச்சம் எதுவும் இருக்காது என்று அவருக்குத் தோன்றவில்லை. மாட்டினால் வண்டி எடுக்கும் என்றே நினைத்திருக்கிறார்.

பன்றியிடமிருந்து சோளத்தைக் காப்பாற்றத்தான் செய்தார். எங்களுக்காகத்தான் செய்தார். "பரவால்ல அத்தா" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தேன்.

தேனியில் அம்மா பல வாரம் கிடந்தார். சிறுநீர் இறங்கவில்லை. டயாலிசிஸ் செய்தார்கள். முகம் ஊதி, கண் திறக்க முடியாமல், அது என் அம்மாதானா என்று நான் சந்தேகப்பட்ட நாட்கள் உண்டு. வார்டுக்கு வெளியே தரையில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு தொழுகை வக்துக்கும் கேட்டேன். பாலத்தில் கேட்டதையே கேட்டேன். எதை வேணும்னாலும் எடுத்துக்க.

அத்தா ஒரு நாளும் சோளக் கொல்லைப் பக்கம் போகவில்லை. பன்றிகள் அந்த வாரமே உள்ளே இறங்கிவிட்டன. வேலி போட்டவன் படுத்துவிட்டான் என்று அவற்றுக்கு யார் சொன்னார்களோ. தட்டைகூட மிச்சம் இல்லை என்று பேச்சியத்தை வந்து சொன்னபோது, அத்தா தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு சிறுநீர் இறங்கியது. ரத்தம் உறைந்தது. டாக்டர், "பிழைச்சிட்டாங்க" என்றார். நான் ஆஸ்பத்திரிப் படிக்கட்டுக்கு அடியிலேயே நெற்றி தரையில் பட ஸஜ்தாவில் விழுந்தேன். ஆனால் அதே டாக்டர், கடிபட்ட சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் கறுத்துவிட்டதைக் காட்டினார். எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் கைக்கும் ஏறிவிடும் என்றார். கையெழுத்துப் போட்டது நான். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள் எப்போதும் நான்தானே.

அன்றைக்கு எனக்குள் ஒரு பயம் புகுந்தது. எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று நான்தானே சொன்னேன்? அவன் எடுத்துக்கொண்டானா? நன்றி சொல்ல வாய் திறந்தால் இந்தக் கேள்வி வந்து நின்றது. ஊர் திரும்பிய பிறகு எங்கள் பள்ளியில் தொழவைக்கும் ஹஜ்ரத்திடம் போய்ச் சொல்லி அழுதேன்.

அவர் கோபப்பட்டார். "அவன் என்ன சந்தைக்காரனாலே, ஒண்ணக் குடுத்து ஒண்ண வாங்க? அவன்கிட்ட பேரம் எதுக்கு? கேக்கும்போது முழுசாக் கேளு. அம்மாவும் வேணும், கையும் வேணும், சோளமும் வேணும்னு கேளு. தர்றதும் தராததும் அவன் இஷ்டம். ஒனக்கு ஏன் கஞ்சத்தனம்?" பிறகு குரலைத் தணித்து, "விரல எடுத்தது விஷம். அம்மாவக் குடுத்தது அவன். இத மாத்திப் புரிஞ்சுக்காத" என்றார்.

ஜமீலா மாமி இத்தாவை உடைத்துவிட்டார் என்று தெருவில் சிலர் முணுமுணுத்தார்கள். அதையும் ஹஜ்ரத்திடம் கேட்டேன். ஒரு உயிருக்காகப் படி இறங்கியவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் தங்கள் நாக்கை இத்தாவில் வைக்கட்டும் என்றார். மாமி மறுபடி உள்ளே போய் மிச்ச நாட்களைக் கழித்தார். ஆனால் கதவை முன்பு மாதிரி ஒருக்களிக்காமல் முழுசாகத் திறந்து வைத்துக்கொண்டார்.

அம்மா வீடு வந்த பிறகு ஒருநாள் கேட்டேன். "கார்ல வாய் அசஞ்சுக்கிட்டே இருந்துச்சே, என்ன கேட்டீக?"

"கலிமா சொல்லிக்கிட்டிருந்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நடுவுல ஒண்ணு கேட்டேன். வண்டி நின்னு நான் போய்ட்டா, இவன் காலத்துக்கும் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பான். இவன் தலையில அந்தப் பாரத்தப் போட்றாத, ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வண்டிய ஓட விடுன்னு கேட்டேன்" என்றார்.

நான் அவருக்காகக் கேட்டேன். அவர் எனக்காகக் கேட்டிருக்கிறார். யாருடைய துஆவுக்கு இன்ஜின் எடுத்தது என்று எனக்குத் தெரியாது. பாலத்தின் மேல் சேற்றுக் கையை ஏந்தி நின்ற மாமியுடையதாகவும் இருக்கலாம். அய்யனாரைக் கூப்பிட்டுக்கொண்டே தள்ளிய பேச்சியத்தையின் தோளையும் அவன்தானே அனுப்பினான்.

இப்போது அந்தக் கார் கொட்டகையில் நிற்பதில்லை. கால்வாய்ப் பாலத்தை ஒட்டிய சரிவில், முகம் ரோட்டைப் பார்க்க நிற்கிறது. சக்கரத்துக்கு அடியில் ஜமீலா மாமி தூக்கி வந்த அதே கல். மச்சானிடம் போனில் சொன்னபோது, "அங்கனயே இருக்கட்டும் மாப்ள" என்றார். சாவி மாமி வீட்டு ஆணியில் தொங்குகிறது. ரெஜினா அக்கா டவுனுக்குப் போய் ஓட்டப் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமைகளில் ஆண்கள் கிளம்பும்போது, அக்கா ஒருதடவை காரை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து நிறுத்துவார். பேச்சியத்தையும் படிக்கிறார். இரண்டாவது கியருக்கு மேல் போடுவதில்லை. "நமக்கு ரெண்டாவதே ராசி" என்கிறார்.

அத்தா அந்தக் காரில் இன்னும் ஏறவில்லை. ஜும்ஆவுக்குப் போகும்போது போனை அணைக்காமல் சத்தத்தை மட்டும் குறைத்து, பனியன் பையில் நெஞ்சோடு வைத்துக்கொள்கிறார். ஆனால் அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுப்பது இப்போது அவர்தான். அம்மா வேண்டாம் என்பதில்லை. "உப்பு போதல" என்று மட்டும் சொல்வார். இருவரும் பேட்டரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. நான் அத்தாவிடம் அன்று சொல்லாத "பரவால்ல"வை ஒரு நாள் சொன்னேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது இப்போது ஒரு ஏற்றத்தில் பாதியில் நின்றுகொண்டிருக்கலாம். வண்டி பின்னால் உருள்கிற மாதிரி இருக்கலாம். உங்களுக்கு நான் சொல்ல ஆசைப்படுவது இவ்வளவுதான். உங்கள் வீட்டுப் பேச்சிலேயே அவனிடம் கேளுங்கள். பேரம் பேசாமல் முழுசாகக் கேளுங்கள். கேட்டுவிட்டுக் கையைக் காரில் வையுங்கள். கல் எடுத்துக்கொண்டு எந்த வாசற்படியிலிருந்து ஆள் இறங்கி வரும் என்று உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்துக்கு எங்களிடம் காசு வாங்கவில்லை. புது பேட்டரி மச்சான் வாங்கிக் கொடுத்தார். சோளம் போனது, அது அடுத்த பட்டத்தில் திரும்ப வரும்.

தொழுது முடித்ததும் அம்மா வலது கை விரல் கணுக்களில் அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் எண்ணுவார். நான் சின்னப் பிள்ளையிலிருந்து பார்க்கிற பழக்கம். விரலுக்கு மூன்று கணு என்று கட்டைவிரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகும். இப்போதும் எண்ணுகிறார். கட்டைவிரல் மற்ற விரல்களைத் தொட்டு வந்து, இல்லாத இடத்தில் ஒரு கணம் காற்றைத் தொட்டு நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

"ஒரு சுத்து கூடப் போகுது, அவ்வளவுதான்லே."

எங்களுக்கு ஆன மொத்தச் செலவு, ஆறு கணு.